குக்கூக் குஞ்சும் நம்ப மறுத்த அறிஞர்களும்

குயிலின் முட்டையைக் காக்கை அடைகாக்கிறது என்பதை நம் நாட்டார் மிகப் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தனர். வடமொழிப் புலவர்கள் குயிலுக்குப் 'பரபிருதம்' என்றொரு பெயர் வழங்கினர். பிறரால் வளர்க்கப்பட்டது என்பது அதன் பொருள். காக்கைக் கூட்டில் குயிற்குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. ஏமாந்த காக்கையைக் கண்டு நாம் நகைக்கிறோமே தவிர, அக்கூட்டில் நடப்பதைக் கண்டு நடுங்குவதில்லை.

ஐரோப்பாவின் குக்கூப் பறவையின் கதை வேறு. அதுவும் குயிலினத்தைச் சேர்ந்ததே. நம் அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் அதன் நெருங்கிய உறவினர். ஏப்ரல் மாதத்தில் ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து வந்து, சில வாரங்கள் மட்டும் தங்கி, தன்னைவிடப் பன்மடங்கு சிறிய குருவிகளின் கூடுகளில் ஒவ்வொரு முட்டையாக இட்டுவிட்டு அது திரும்பிவிடும். அம்முட்டை பொரிந்த இரண்டொரு நாளுக்குள் கூட்டில் குக்கூக் குஞ்சு ஒன்று மட்டுமே எஞ்சியிருக்கும். குருவியின் சொந்தக் குஞ்சுகள் என்னவாயின?

இவ்வினாவுக்கு விடை காண மனித குலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. ஒருவர் கண்ணாரக் கண்டு சொன்ன பின்னரும், அதைக் கற்றறிந்தோர் பலர் ஏற்க மேலும் எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நம்ப மறுத்தவர்கள் படைப்பை வெறுத்தவர்கள் அல்லர், அதைப் போற்றியவர்கள். அவர்களுள் ஒருவர் நம் கத்தோலிக்க மரபில் உறுதியாக நின்ற பெருமகன். ஆகவே இது பறவையியல் வரலாறு மட்டுமன்று, நம் வீட்டு வரலாறும் ஆகும்.

முதலில் பறவையை இனங்காண்போம். அது சுமார் 33 சென்டிமீட்டர் நீளமுடையது. மேற்பக்கம் சாம்பல் நிறம், வெண்மையான வயிற்றில் குறுக்கே கரிய வரிகள், நீண்ட வால், கூரிய சிறகுகள். பெண் பறவைகளுள் சில செங்காவி நிறத்திலும் இருக்கும். 'குக்கூ' என்னும் ஈரசைக் குரல் ஆணுக்கே உரியது. பெண்ணின் குரல் நீர் கொப்பளிப்பது போன்ற வேறொரு ஒலி. பறக்கும்போது தொலைவிலிருந்து பார்த்தால், குருவிகளை வேட்டையாடும் வல்லூறு என்றே தோன்றும். இத்தோற்றத்தால் விளைந்த குழப்பம் மிகப் பழமையானது. குளிர்காலத்தில் குக்கூவைக் காண இயலாமையால், அது வல்லூறாக உருமாறிவிடுகிறது என்று கிரேக்க நாட்டு மக்கள் நம்பினர்.

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் இதை ஏற்கவில்லை. குக்கூவின் நகங்களும் தலையும் வல்லூறின் நகங்களையும் தலையையும் ஒத்திருக்கவில்லை என்றும், வல்லூறு குக்கூவைக் கொன்று தின்பது காணப்பட்டுள்ளது என்றும், எப்பறவையும் தன் இனத்தைத் தின்னாது என்றும் அவர் வாதிட்டார். ஆயினும் கூட்டிலுள்ள குஞ்சுகளின் முடிவு பற்றி அவரிடம் ஒரே விடை இல்லை. வளர்ப்புத் தாயே தன் குஞ்சுகளை வெளியேற்றுகிறது என்பார் சிலர், குக்கூத் தாய் வந்து தின்றுவிடுகிறது என்பார் சிலர், இரையெல்லாம் குக்கூக் குஞ்சுக்கே போய்விடுவதால் மற்றவை பட்டினியால் மடிகின்றன என்பார் சிலர், வலிமை மிக்க குக்கூக் குஞ்சே அவற்றைக் கொல்கிறது என்பார் சிலர் எனப் பலர் கூற்றையும் தொகுத்து வைத்துவிட்டு அவர் நகர்ந்தார். பின்வந்த உரோமானியர் பிளினி அந்த நிதானத்தைக் கைவிட்டார். வளர்ந்த குக்கூக் குஞ்சு இறுதியில் தன்னை வளர்த்த தாயையே விழுங்கிவிடும் என எழுதினார். அது உண்மையன்று, எனினும் நன்றி கொன்ற பிள்ளைக்கு உவமையாக நூற்றாண்டுகள் பல நிலைத்தது.

நம் சமய வழக்கிலும் பறவைகள் பெரும்பாலும் உவமைகளாகவே வந்திருக்கின்றன. புறாவும் கழுகும் இருக்கட்டும். கூழைக்கடாவை எண்ணிப் பார்ப்போம். பசித்த குஞ்சுகளுக்காகத் தன் மார்பைக் கிழித்துக் குருதியூட்டும் கூழைக்கடா, நற்கருணை ஆண்டவரின் சின்னமாக ஐரோப்பாவின் எத்தனையோ பீடங்களிலும் நற்கருணைப் பேழைகளிலும் செதுக்கப்பட்டுள்ளது. புனித தோமா அக்குவினாரின் பெயரால் வழங்கும் நற்கருணைப் பாடலிலும் அது இடம் பெற்றது. அழகிய சின்னம், அதன் பொருளை யாரும் குறைகூறப் போவதில்லை. ஆனால் எந்தக் கூழைக்கடாவும் அவ்வாறு செய்வதில்லை. அமெரிக்க வெள்ளைக் கூழைக்கடா இரண்டு முட்டை இடுகிறது. மூத்த குஞ்சு இளையதைக் கொத்தித் துன்புறுத்துவதால், பெரும்பாலான கூடுகளில் இளையது மடிகிறது. தாய்ப் பறவை அதைத் தடுப்பதில்லை. நமக்கு நல்லதைக் கற்பித்த பொய்யை ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆராயாமலேயே ஏற்றுக்கொண்டோம். நம்மைக் கலங்கச் செய்த மெய்க்கு மட்டும் சான்றுமேல் சான்று கேட்டோம்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கிலிக்கத் திருப்பணியாளர் வாழ்ந்தார். தன் ஊரின் உயிரினங்களை நாள்தோறும் கூர்ந்து நோக்கி எழுதிவந்தவர் அவர். குக்கூ முட்டையிடும் முறையைப் பற்றி 1770இல் எழுதிய மடலில் அவருடைய மனவேதனை வெளிப்படுகிறது. தாய்ப்பாசம் என்னும் இயற்கையின் முதற்பெரும் விதியை ஒரு பறவை இப்படி மீறுமா என்று அவர் திகைத்தார். இச்செய்தி தொலைதூர நாடொன்றின் பறவையைப் பற்றியதாக இருந்திருப்பின் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்றும் கருதினார். ஆயினும் தம் ஊரிலேயே நடப்பதால் அவர் அதை மறுக்கவில்லை. புழு பூச்சிகளைத் தின்னும் மெல்லலகுக் குருவிகளையே குக்கூ தேர்ந்துகொள்கிறது என்பதைக் கவனித்து எழுதினார். கலங்கிய மனத்தோடு, கண்ணை மூடாமல் எழுதியவர் என்பதால் நமக்கு அவர்மீது தனி மதிப்புண்டு. ஆனால் பொரித்த கூட்டினுள் நடப்பதை அவர் காணவில்லை.

கண்டவர் எட்வர்டு ஜென்னர். அம்மை நோய்க்கு மருந்து கண்ட அதே ஜென்னர்தாம். 1749இல் பெர்க்லி என்னும் ஊரில் ஆங்கிலிக்கப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரை இழந்து, இலண்டனில் ஜான் ஹண்டர் என்னும் பேரறிஞரிடம் அறுவை மருத்துவம் கற்று, மீண்டும் தம் ஊருக்கே நாட்டு மருத்துவராகத் திரும்பியவர். ஹண்டர் தம் மாணவரை விடவில்லை. முள்ளெலியின் குளிர்கால உறக்கம் முதல் குக்கூவின் வாழ்வு வரை பலவற்றையும் ஆராயுமாறு மடல் வழியே தூண்டிக்கொண்டிருந்தார். நோயாளிகளைக் காணக் குதிரையேறிச் செல்லும் வழியில் உள்ள வேலிகளும் பண்ணைகளும் ஜென்னரின் ஆய்வுக்கூடமாயின.

குக்கூவைப் பற்றி அவர் முதலில் எழுதி அரச கழகத்துக்கு அனுப்பிய கட்டுரையில், குருவியின் குஞ்சுகளை வெளியேற்றுவது வளர்ப்புப் பெற்றோரே என்றுதான் சொல்லியிருந்தார். அக்கட்டுரை அச்சேறும் முன்னர், 1787 ஜூன் 19 அன்று அவர் கண்ட காட்சி அனைத்தையும் மாற்றியது.

வேலிப்புதரில் வாழும் பழுப்புநிறச் சிறு குருவி ஒன்றின் கூட்டில் முந்தைய நாள் ஒரு குக்கூ முட்டையும் மூன்று குருவி முட்டைகளும் இருந்தன. மறுநாள் ஒரு குக்கூக் குஞ்சும் ஒரு குருவிக் குஞ்சும் இருந்தன. கூடு வேலியின் ஓரத்திலேயே அமைந்திருந்தமையால் உள்ளே நடப்பது நன்றாகத் தெரிந்தது. கண் திறவாத, ஓர் இறகும் முளைக்காத, பிறந்து ஒரு நாளும் நிறையாத குக்கூக் குஞ்சு, தன் பின்புறத்தாலும் சிறகுகளாலும் குருவிக் குஞ்சின் அடியில் நுழைந்தது. முழங்கைகளை உயர்த்தி அதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது. பின்னோக்கியவாறே கூட்டின் சுவரில் ஏறி விளிம்பை அடைந்தது. அங்கே ஒரு கணம் இளைப்பாறி, ஓர் உதறலில் சுமையை வெளியே தள்ளியது. தள்ளிய பிறகும் உடனே இறங்கவில்லை. வேலை முற்றுப்பெற்றதா என்று சோதிப்பதுபோல் சிறகு நுனிகளால் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லக் கூட்டின் அடியில் விழுந்தது.

ஜென்னர் இதனோடு நிற்கவில்லை. முட்டைகளையும் குஞ்சுகளையும் மீண்டும் மீண்டும் கூட்டில் வைத்துச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அதுவே நடந்தது. பிறந்த குக்கூக் குஞ்சின் முதுகு அகன்று நடுவில் ஒரு குழியுடன் இருப்பதையும், சுமார் பன்னிரண்டு நாள்களில் அக்குழி நிரம்பி மற்றப் பறவைகளின் முதுகைப் போலாகிவிடுவதையும், அதற்குள் தள்ளும் வேட்கையும் ஓய்ந்துவிடுவதையும் குறித்தார். ஒரு கூட்டில் இரண்டு குக்கூக் குஞ்சுகள் பொரித்தன. இரண்டும் ஒன்றையொன்று முதுகிலேற்றி விளிம்புவரை கொண்டுபோவதும், பாரம் தாங்காமல் மீண்டும் விழுவதுமாகப் போராடின. மறுநாள் பிற்பகலில் பெரியது வென்றது. அடுத்த குக்கூவும் குருவிக் குஞ்சும் வெளியே கிடந்தன. தாய்ப்பறவை ஏன் தன் குஞ்சைத் தானே வளர்ப்பதில்லை என்பதற்கும் ஜென்னர் ஒரு காரணம் கூறினார்: ஏப்ரல் நடுவில் வந்து ஜூலைத் தொடக்கத்தில் போய்விடும் பறவைக்கு அதற்கான காலம் போதாது.

திருத்திய கட்டுரை 1788 மார்ச்சில் அரச கழகத்தில் படிக்கப்பட்டு வெளியாயிற்று. மறு ஆண்டே ஜென்னர் அக்கழகத்தின் உறுப்பினரானார். அவருக்கு அச்சிறப்பை முதலில் ஈட்டித் தந்தது அம்மைப்பால் அன்று, குக்கூக் குஞ்சே என்பது பலர் அறியாத செய்தி. அம்மைப்பால் பற்றிய சோதனை 1796இல்தான் நடந்தது. 1802இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்த அந்த அம்மைப்பால் எத்தனையோ உயிர்களைக் காத்ததையும், 1980இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதையும் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்போம். அம்மை குத்துவதை எதிர்த்தவர்கள் ஜென்னரின் நேர்மையைக் குலைக்க விரும்பியபோது குக்கூக் கட்டுரையைத்தான் கையிலெடுத்தனர். இத்தகைய கட்டுக்கதை எழுதியவரின் மருந்தை எப்படி நம்புவது என்று கேட்டனர்.

எள்ளல் அவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. 1802இல் ஜார்ஜ் மான்டேகு என்னும் பறவையறிஞர் ஒரு குக்கூக் குஞ்சைத் தம் வீட்டில் வைத்து, அதன் கூட்டில் தகைவிலான் குஞ்சொன்றை இட்டுச் சோதித்து, ஜென்னர் சொன்னது சரியே என்று எழுதியிருந்தார். அப்படியிருந்தும் பெயர் பெற்ற இயற்கையறிஞர் பலர் தலையசைத்து மறுத்தனர். அவர்களுள் ஒருவர் சார்லஸ் வாட்டர்டன்.

வாட்டர்டனைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறோம். 1782இல் யார்க்ஷையரின் வால்டன் மாளிகையில் பிறந்தவர் அவர். சீர்திருத்தக் காலப் புயலில் பதவியும் நிலமும் இழந்தும் கத்தோலிக்க விசுவாசத்தை விடாத பழங்குடும்பம் அவருடையது. ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் இயேசு சபைக் குருக்கள் அவரை வளர்த்தனர். எந்நேரமும் காடு மேடெல்லாம் அலையும் மாணவனை அடித்துத் திருத்த முயலாமல், கல்லூரியின் எலி பிடிக்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்த அக்குருக்களின் நகைச்சுவையுணர்வை நாம் மெச்சத்தான் வேண்டும். தென்னமெரிக்கக் காடுகளில் வெறுங்காலுடன் திரிந்து 1825இல் அவர் எழுதிய பயண நூல் பெரும்புகழ் பெற்றது. தாய்நாடு திரும்பியதும் தம் தோட்டத்தைச் சுற்றி மூன்று மைல் நீளத்துக்கு உயர்ந்த மதில் எழுப்பினார். அது 1826இல் முடிந்தது. உள்ளே துப்பாக்கி ஓசை கேட்கக் கூடாது என்பது அவர் ஆணை. ஆந்தைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். பறவைகளுக்காக ஒருவர் ஏற்படுத்திய அடைக்கலத் தோட்டங்களுள் உலகிலேயே முந்தியவற்றுள் ஒன்று அது. தம்மைப் பொறுத்தமட்டில் வெறுந்தரையில், மரக்கட்டையைத் தலைக்கு வைத்து உறங்கிய துறவியொத்த மனிதர்.

இத்தகையவர்தாம் ஜென்னரின் கூற்றை அறவே தள்ளினார். பிறந்த அன்றே கழுத்தை நிமிர்த்த இயலாத குஞ்சு தன்னளவு பாரத்தை முதுகில் சுமந்து சுவரேறுமா? தாய்க் குருவி இடைவிடாமல் குஞ்சுகளை மூடி அமர்ந்திருக்கும் முதல் நாள்களில் இதற்கு இடமேது? அவர் எழுப்பியவை இத்தகைய வினாக்களே. அவர் சமயக் காரணம் எதையும் முன்வைக்கவில்லை என்பதை நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். வினாக்களும் அறிவற்றவை அல்ல. அறைக்குள் அமர்ந்து நூல் பார்த்து நூல் எழுதுவோரை வாழ்நாளெல்லாம் எள்ளி நகையாடியவர் அவர். ஆனால் இந்த ஒன்றில், ஒரு கூட்டின் அருகே முழந்தாளிட்டுப் பார்த்த மனிதரின் சான்றைத் தாம் இருந்த இடத்திலிருந்தே அவர் மறுத்தார். இயலாது என்று அவர் காட்டியது முழுவதும் தருக்கத்தின் வலிமையால்தான். வால்டன் தோட்டத்துக்குள் குருவிக் கூடுகளுக்கோ வசந்த காலத்துக்கோ பஞ்சம் இருந்திருக்காது.

வாட்டர்டன் 1865இல் மறைந்தார். பிரித்தானியப் பறவைகளைப் பேரேடுகளாக வரைந்து வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற ஜான் கூல்டும் வளர்ப்புப் பெற்றோரே குஞ்சுகளை வெளியேற்றுகின்றனர் என்னும் கருத்தையே கொண்டிருந்தார்.

முடிச்சை அவிழ்த்தவர் ஒரு குடும்பப் பெண்மணி. ஜெமைமா பிளாக்பர்ன் 1823இல் எடின்பரோவில் பிறந்தவர். இயற்பியலறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லின் உறவினர். கிளாஸ்கோப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரின் மனைவி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ரோஷ்வென் என்னும் ஊரில் வாழ்ந்து, கண்ட பறவைகளையெல்லாம் உயிரோடு இருப்பவாறே வரைந்துவந்தார். அக்காலத்தில் பறவை ஓவியர்கள் பெரும்பாலும் சுட்டுப் பாடம் செய்த தோலைப் பார்த்தே வரைவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சரிவான மேட்டில் ஒரு செடியின் கீழே நெட்டைக்காலிக் குருவியின் கூடொன்று இருந்தது. அதில் இரண்டு நெட்டைக்காலி முட்டைகளும் ஒரு குக்கூ முட்டையும் கிடந்தன. அவர் ஒரு நாள் சென்றபோது நெட்டைக்காலிக் குஞ்சுகள் பொரித்திருந்தன, குக்கூ பொரிக்கவில்லை. அடுத்த முறை சென்றபோது குக்கூக் குஞ்சு கூட்டில் தனித்திருந்தது. மற்ற இரண்டும் சரிவில் ஒரு சாண் அளவு கீழே உயிருடன் கிடந்தன. ஒன்றை எடுத்து மீண்டும் கூட்டில் வைத்தார். கண் திறவாத அம்மணக் குஞ்சு இங்குமங்கும் நெளிந்து, அதன் அடியில் தன் முதுகைக் கொடுத்து, பின்னோக்கி ஏறி வெளியே தள்ளியது. மீண்டும் வைத்தார், மீண்டும் தள்ளியது. பிளாக்பர்ன் அம்மையார் அவ்விடத்திலேயே அதை வரைந்துகொண்டார்.

ஆய்வேடு எழுதும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. நெட்டைக்காலிகளைப் பற்றி அவர் சிறுவர்க்காக எழுதிய கதைநூலில்தான் அவ்வோவியம் முதலில் இடம்பெற்றது. பின்னர் 1872 மார்ச்சில் 'நேச்சர்' இதழுக்கு அவர் எழுதிய மடல் வெளியாயிற்று. ஓவியத்தில் மிகையேதும் இல்லை. சிறகுகளை விரித்து ஊன்றிய கால்களும், முதுகுக் குழியில் கிடந்த குஞ்சும் ஜென்னரின் சொற்களுக்கு அப்படியே பொருந்தின. கூல்ட் தம் கருத்தை மாற்றிக்கொண்டு அவ்வோவியத்தைத் தம் நூலுக்கும் பயன்படுத்திக்கொண்டார். டார்வினும் அதே 1872இல் வெளியான தம் நூலின் ஆறாம் பதிப்பில் இச்சான்றைச் சேர்த்தார். அரச கழகத்தின் ஏட்டில் எண்பத்து நான்கு ஆண்டுகள் கிடந்த உண்மை ஒரு சிறுவர் கதைப் படத்தால் நிலைபெற்றது.

டார்வினின் பெயர் வந்துவிட்டமையால் தவிர்க்க இயலாத வினாவையும் எதிர்கொள்வோம். 1859இன் முதற்பதிப்பிலேயே, வளர்ப்புச் சகோதரரைத் தள்ளும் குக்கூக் குஞ்சை அவர் எடுத்துக்காட்டியிருந்தார். இத்தகைய இயல்பூக்கங்களைப் படைப்பாளர் தனித்தனியே அமைத்துத் தந்தவை எனக் கருதுவதைவிட, உயிர்களெல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதியின் விளைவுகள் எனக் கருதுவது தம் மனத்துக்கு நிறைவளிக்கிறது என்பது அவர் கருத்து. விசுவாசிகள் இதற்கு அஞ்சினர். முதுகுக் குழியைக் காட்டி இதோ இறைவனின் கைவண்ணம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

விவிலியம் இவ்வளவு கூச்சப்படுவதில்லை என்பதே நம் எண்ணம். யோபு நூலின் 39ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சூறாவளியினின்று பேசுகையில் தீக்கோழியைக் காட்டுகிறார். மண்ணில் முட்டைகளை விட்டுவிட்டுப் போகும், அவை மிதிபடுமே என்று எண்ணாத, தன் குஞ்சுகளைத் தன்னுடையவை அல்லாதவை போல் கடுமையாக நடத்தும் பறவையாக அதைச் சித்திரிக்கிறார். அதற்கு அறிவைக் கொடாதவர் தாமே என்றும் உரைக்கிறார். மன்னிப்போ விளக்கமோ அங்கே இல்லை. துன்புற்ற யோபுவுக்கு ஆறுதலாகத் தாய்க்கோழி ஒன்றைக் காட்டியிருக்கலாமே! மத்தேயு நற்செய்தியிலும், தந்தையின் விருப்பமின்றிச் சிட்டுக்குருவி தரையில் விழாது என்கிறார் இயேசு; குருவியே விழாது என்று அவர் சொல்லவில்லை. ரோஷ்வென் சரிவில் குளிரில் கிடந்த இரண்டு நெட்டைக்காலிக் குஞ்சுகளும் அக்கணக்கில் அடங்கியவையே. அது எவ்வாறு என்பதை நம்மால் விளக்க இயலாது. விளக்க இயலாமைக்காக அக்குஞ்சுகளைக் கூட்டிலேயே இருப்பதாகக் கற்பனை செய்வது மட்டும் விசுவாசம் ஆகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பிற உயிர்கள் நம் பயனுக்காக மட்டுமின்றி இறைவன் முன்னிலையில் தமக்கெனவே மதிப்புடையவை என்று கற்பித்ததை இங்கே நினைக்கிறோம். நமக்கு உவமையாகப் பயன்படாத உயிர்களுக்கும் அது பொருந்த வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு எஞ்சியவற்றை விரைந்து அறிந்தது. வூஸ்டர்ஷையரின் பவுண்டு கிரீன் பொதுவெளியில் எட்கர் சான்ஸ் என்பவர் 1918 முதல் ஒரே பெண் குக்கூவைப் பல பருவங்கள் பின்தொடர்ந்தார். 1922ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் அது 25 முட்டைகள் இட்டது. குக்கூ தரையில் முட்டையிட்டு அலகால் தூக்கிவந்து வைக்கிறது என்னும் பழங்கருத்தைத் திரைப்படம் எடுத்தே அவர் தகர்த்தார். பறவை நேரே கூட்டில் அமர்ந்து, ஒரு முட்டையை அலகில் கவ்விக்கொண்டு, தன் முட்டையை இட்டுவிட்டுச் சில நொடிகளில் பறந்துவிடுகிறது. அம்முட்டை தாயின் வயிற்றிலேயே கூடுதலாக ஒரு நாள் வெப்பம் பெற்றிருப்பதால் பெரும்பாலும் மற்றவற்றை முந்திப் பொரிக்கிறது.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக் டேவிஸும் அவருடைய துணைவர்களும் 1980களிலிருந்து விக்கன் சதுப்பு நிலத்தில், நாணலில் கூடுகட்டும் கதிர்க்குருவிகளிடையே செய்துவந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. குருவிகள் வாளா ஏமாறுவதில்லை. தம் முட்டையோடு நிறம் ஒவ்வாத முட்டையை அவை வெளியே எறிகின்றன. ஆகவே குக்கூவின் முட்டையும் தலைமுறை தலைமுறையாக அவற்றின் நிறத்தை ஏற்றுவந்துள்ளது. தனித்திருக்கும் குக்கூக் குஞ்சு எழுப்பும் விரைவான பசிக்குரல், ஒரு கூடு நிறைந்த குஞ்சுகளின் குரலைப் போலவே ஒலிக்கிறது என்று 1998இல் காட்டினர். இறந்த குஞ்சுகளின் குரலையெல்லாம் அது ஒருத்தியாய் நின்று எழுப்புகிறது என்று எண்ணும்போது நம் உள்ளம் நடுங்காமலில்லை. வயிற்றிலுள்ள வல்லூறு வரிகளும் வீணல்ல. அவற்றைக் கண்ட குருவிகள் அஞ்சி நெருங்கத் தயங்குகின்றன. அவ்விடைவெளியில் குக்கூ கூட்டை அடைகிறது. கிரேக்க நாட்டு மக்களின் குழப்பத்தைக் கதிர்க்குருவிகளும் பகிர்ந்துகொள்கின்றன.

குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்பதும் இன்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. 2011இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஐந்து ஆண் குக்கூக்களின் முதுகில், செயற்கைக்கோள்வழித் தடமறியும் சிறு கருவிகள் பொருத்தப்பட்டன. ஜென்னர் கண்ட குழி இருந்த அதே முதுகில்தான்! அவை சகாராப் பாலைவனத்தைக் கடந்து காங்கோ ஆற்றுப்படுகையின் மழைக்காடுகளை அடைந்தன. 2019இல் மங்கோலியாவில் இவ்வாறு கருவி பூண்ட ஓனோன் என்னும் குக்கூ நம் இந்தியாவின் மேலாகப் பறந்து, அரபிக்கடலைக் கடந்து, ஸாம்பியா வரை சென்று, 2020 மே மாத இறுதியில் தன் இடத்துக்கே திரும்பியது. அவ்வழியில் அது நம் நாட்டின் மரங்களில் இளைப்பாறியபோது யாரேனும் கண்டிருப்பின், வல்லூறு என்றே எண்ணியிருப்பர்.

இங்கிலாந்தில் குக்கூவின் எண்ணிக்கை 1980களிலிருந்து பெருமளவு குறைந்து, 2009 முதல் அது ஆபத்துக்குள்ளான பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. எனினும் ஒவ்வொரு கோடையிலும் அங்கே சில கூடுகளில் அதே காட்சி நடக்கிறது. இருபது நாளளவில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியேறுகிறது. அதன்பின்னும் இரண்டு வாரம், தன்னில் சிறுபகுதியே எடையுள்ள குருவி அதற்கு இரையூட்டுகிறது. அதற்குள் அதைப் பெற்ற குக்கூக்கள் ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டுச் சென்றிருக்கும். அவற்றை அது கண்டதேயில்லை. கோடை முடியும் வேளையில் ஓர் இரவு, வழிகாட்ட எவருமின்றி, அதுவும் தனியே தெற்கு நோக்கிப் பறக்கத் தொடங்குகிறது.